அயுத்தயாவில் வாங்கிய தலை

பேரன் புது ஃபிளாட் வாங்கியிருக்கிறானே என்று பார்க்கப் போனேன். கை கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு புத்தர் தலை. வெறும் தலை. பக்கத்திலேயே பல் துலக்கும் பிரஷ். "அழகா இருக்குல்ல தாத்தா?" என்றான். சாப்பிடாமலே கிளம்பிவிட்டேன். அவனைச் சொல்லி என்ன? நான் செய்ததைவிட இது மோசமில்லை.

ஐம்பதுகளின் தொடக்கம். பாங்காக்கிலிருந்து சென்னைக்கு அரிசி ஏற்றிவரும் கப்பலில் நான் கலாசி, கயிறு இழுக்கிற வேலை. ஈரச் சாக்கின் நாற்றம் இன்னும் மூக்கைவிட்டுப் போகவில்லை. என் தோஸ்து தருமன் பாய்லருக்குக் கரி தள்ளுபவன், புளியந்தோப்புக்காரன். அவன் வீட்டில் அப்பா காலத்திலிருந்தே பௌத்தம். சயாமின், அதாவது தாய்லாந்தின், பழைய தலைநகரான அயுத்தயாவில் புத்தரைக் கும்பிட வேண்டும் என்று கப்பலேறிய நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு நாள் லீவு கிடைத்ததும் ரயிலேறி அங்கே போனோம்.

கோயில்களா அவை? செங்கல் குவியல், ஆளுயரப் புல், நாய்கள் அசிங்கம் செய்த மண்டபம். வரிசையாகப் புத்தர்கள், ஒருவருக்கும் தலையில்லை. பகைவர் படை கொளுத்திவிட்டுப் போனது பழைய கதை. ஆனால் சில கழுத்துகளில் வெட்டு புதிதாக, வெள்ளையாக இருந்தது. தருமன் தாமரை மொட்டோடு ஒவ்வொன்றாகப் போய் நின்றான்.

"மூஞ்சியே இல்லியேடா, யாரைப் பாத்துக் கும்புடறது?"

ராயபுரத்துக் கப்பல்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் வெறுங்கையோடு திரும்ப மாட்டோம். சென்ட், குடை, ஒருமுறை நான் கிளிகூட வாங்கி வந்து கடி வாங்கினேன். மதிலுக்குப் பின்னால் ஒருவன் கோணியை விரித்துத் தலைகள் விற்றுக்கொண்டிருந்தான். இரண்டு டின் சிகரெட்டைக் கொடுத்துச் சின்னதாக ஒன்று வாங்கினேன். தோஸ்து தேடிய முகமாயிற்றே! "இந்தாடா, வூட்டுக்கே எடுத்துகினு போ" என்று பெருமையாக நீட்டினேன்.

தருமன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "அறுத்தவன்கிட்டயே வாங்கினு வந்துகீறியே, கலீஜா இல்ல உனக்கு? எந்த உடம்புதுன்னு பாத்து வையி."

கழுத்து கழுத்தாக வைத்துப் பார்த்தோம். எதிலும் பொருந்தவில்லை. கடைசியில் ஒரு சிலையின் மடியில் வைத்து, மொட்டையும் வைத்துத் தருமன் கும்பிட்டான். இருபதடி நடந்து திரும்பினால், விற்றவன் மொட்டைத் தட்டிவிட்டுத் தலையைக் கோணியில் போட்டுக்கொண்டிருக்கிறான். தருமன் பாய்ந்தான். "ரயிலு பூடும், கப்பல வுட்டா வேலையும் பூடும், வாடா" என்று அவனைப் பிடித்து இழுத்து வந்தது நான்தான். இன்றைக்கும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

கப்பலில் நாலைந்து பேர் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். அன்று முதல் தருமன் வேறு தாம்பாளத்துக்குப் போய்விட்டான். அடுத்த பயணத்தில் வேறு கப்பலுக்கே போய்விட்டான்.

அரிசிக் கப்பல்கள் நின்றுபோயின. கரி தள்ளும் வேலையே இல்லை. ராயபுரத்தில் கடற்கரை மணல் இருந்த இடத்தில் அலையைத் தடுக்கப் பாறாங்கல்லைக் கொட்டியிருக்கிறார்கள். தருமன் செத்த செய்தி கேட்டுப் புளியந்தோப்புக்கு ஓடினேன். "உங்கப்பாவோட தோஸ்து, கப்பல்ல ஒண்ணா இருந்தோம்" என்றேன். அவன் மகன் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"அப்பா உங்களப் பத்தி ஒண்ணுமே சொன்னதில்லியே."