அவர் அழவில்லை, ஏசினார்

மங்களேஸ்வரி அக்கா இறந்த செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில்தான் வந்தது. காலையில் கடையைத் திறந்து, போட்டோக்கொப்பி மெஷின் சூடாகும்வரை தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வாசகர் வட்டத்தின் குழுவில் கும்பிட்ட கைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. யாருக்கென்று மேலே தேடிப்போனால் அக்காவின் பெயர். முதல் நாள் பின்னேரம் வாய்க்கால் கரையில் நின்று பக்கத்து வீட்டுக்காரரின் மாட்டைத் துரத்தியவர், இரவு நெஞ்சு நோகிறது என்றாராம். வட்டக்கச்சியிலிருந்து கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பிறகு எங்கள் வட்டத்தின் செயலாளர் எழுதிய அஞ்சலி வந்தது. "எதையும் புன்னகையோடு ஏற்கும் பண்பாளர். ஒரு நாவல் தன் கண்ணீரைத் துடைத்தது என்று நெகிழ்ந்து சொன்ன தாயுள்ளம்" என்று அதில் இருந்தது. துக்கம் வரவேண்டிய நேரத்தில் அருவருப்பு முந்திக்கொண்டது. அதற்காக அந்த மனிதரை நான் ஒருபோதும் மன்னிக்கப் போவதில்லை.

அக்காவைத் தெரிந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவர் எதையும் புன்னகையோடு ஏற்றவர் அல்ல. வட்டக்கச்சி உபதபால் கந்தோரில் ஓய்வுபெறும்வரை தபாலதிபராக இருந்தவர். முத்திரையை நாக்கால் நனைத்து ஒட்டுகிறவர்களை அந்தக் கம்பித் தட்டிக்குப் பின்னாலிருந்து ஏசியே காலம் கழித்தவர். அருவருப்பானதைக் கண்டால் நம் சனங்கள் சொல்லும் "அரியண்டம்" என்ற சொல்லை அவர் அளவுக்கு மனதாரச் சொன்ன ஆளை நான் கண்டதில்லை. ஊத்தை வாய்க்காலும் அரியண்டம், மேடையில் நீட்டி முழக்குகிறவனும் அரியண்டம், மோசமான புத்தகமும் அரியண்டம்தான்.

என்னோடும் அப்படித்தான் முதலில் அறிமுகமானார். மாவட்ட அலுவலகமான கச்சேரிக்குக் கொடுக்கவேண்டிய ஏதோ பென்ஷன் கடுதாசியைக் கொப்பி எடுக்க வந்தவர், நான் விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் பிரித்ததைக் கண்டதும் கடுதாசியைப் பறித்தார்.

"தம்பி, உம்மட எச்சிலை நான் கச்சேரிக்குக் குடுக்கவோ? அரியண்டம். கையைக் கழுவிப்போட்டு வாரும்."

கழுவிவிட்டு வந்தேன். அன்றைக்குக் கடை மேசையில் நான் கவிழ்த்து வைத்திருந்த நாவலைப் புரட்டிப் பார்த்து, "இது முடிவிலை விழுந்துபோம். வாசிச்சு முடிச்சாப் பிறகு கதைப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனார். உண்மையில் விழுந்துதான் போனது. அதன்பிறகு மாதாமாதம் வாசகர் வட்டத்துக்கு என் மோட்டார் சைக்கிளின் பின்னால்தான் வந்தார்.

அவர் விண்வெளிப் படங்கள் பார்க்கிறவர் என்று தெரிந்தபோது நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய மகன் கோபி சின்ன வயதில் ஒரு விண்வெளிப் படத்தொடருக்குப் பைத்தியமாக இருந்தவன். ஜெனரேற்றர் சத்தத்துக்கு நடுவே, ஒரு சிறிய ரீவிப் பெட்டியில், தமிழில் குரல் கொடுத்த கொப்பிகளை ஊரே கூடியிருந்து பார்த்த காலம் அது. கோள் விட்டுக் கோள் தாவிச் சண்டை பிடிக்கும் ஒரு விமானி. பாலைவனச் சந்திரன் ஒன்றில் அவனுக்காக விளக்கேற்றி வைத்திருக்கும் தாய். கடைசிப் பாகம் வெளிவருவதற்குள் யுத்தத்தில் நாங்கள் எல்லோரும் இடம்பெயர்ந்துவிட்டோம். அந்தக் கடைசி இடப்பெயர்வில் கோபி காணாமல் போனான்.

சில வருடங்களுக்குப் பிறகு வவுனியாவில் தங்கையின் வீட்டில் அக்கா அந்தக் கடைசிப் பாகத்தைப் பார்த்தார். கோபி பார்க்காமல் விட்டதை யாராவது பார்த்து முடிக்க வேண்டும் என்று நினைத்திருக்கலாம். அவர் அப்படிச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதில் விமானி அணைந்துகொண்டிருக்கும் சூரியன் ஒன்றுக்குள் கப்பலைச் செலுத்துகிறான். தாய் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். படம் முடிந்துவிடுகிறது. அவன் இறந்தானா, எங்காவது போனானா என்று யாரும் சொல்வதில்லை.

"அந்தப் படக்காரர் தெரியாததைத் தெரியும் எண்டு சொல்லேல்லை. மரியாதையான ஆக்கள்" என்றார் அக்கா. அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வந்து நான் கேட்டதில்லை.

மரியாதையான ஆட்கள் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கறக்க இன்னும் பால் இருக்கிறது என்று கண்டுகொண்டார்கள். படத்தின் கதையைத் தொடர்ந்து ஒரு நாவல் எழுதுவித்தார்கள். அது சென்னையில் தமிழாகி, தடித்த அட்டையில் பளபளக்கும் சூரியனோடு எங்கள் வட்டத்துக்கு வந்து சேர்ந்தது. அதில் விமானி திரும்பி வருகிறான். பல வருடங்கள் கழித்து, ஒரு மாலை நேரம், கதவைத் தட்டுகிறான். தாய் திறக்கிறாள், கட்டிப்பிடிக்கிறாள், கஞ்சி ஊற்றிக் கொடுக்கிறாள். அடுத்த பக்கத்தில் அவன் புதிய எதிரியோடு சண்டைக்குப் போகிறான். அதன்பிறகு நானூறு பக்கத்துக்குத் தாய் என்று ஒருத்தி அந்தப் புத்தகத்தில் இல்லை. நானும் முழுவதையும் வாசித்தேன். பழுதான பாலைக் குடித்து முடித்த மாதிரி இருந்தது.

நாவலைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கூட்டம் போட்டோம். கூட்டுறவுச் சங்கக் கடைக்கு மேலே இருக்கும் அறையில், காற்றாடி சுற்றியும் சுற்றாமலும், பத்துப் பதினைந்து பேர் இருந்தோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் விறுவிறுப்பு என்றார். ஆஸ்பத்திரியில் தாதியாக வேலைபார்க்கும் பிள்ளை ஒருத்தி, விமானி கதவைத் தட்டும் இடத்தில் தேம்பித் தேம்பி அழுதேன் என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். அக்காவின் முறை வந்தது. அவர் எழும்பினார். புத்தகத்தை இரண்டு விரலால் மட்டும் பிடித்திருந்தார்.

"நான் இதை முழுக்க வாசிச்சனான். ஏசிறதெண்டாலும் வாசிச்சு முடிச்சுப்போட்டுத்தான் ஏசவேணும். இவன் இவ்வளவு காலம் எங்கை இருந்தவன்? புத்தகத்திலை ஒரு பதிலும் இல்லை. பதில் இல்லாட்டிப் பரவாயில்லை. கேள்வியே இல்லை! தாய் கதவைத் திறக்கிறா, 'எங்கையடா இருந்தனி' எண்டு ஒரு வார்த்தை கேக்கேல்லை. அண்டம் விட்டு அண்டம் கதைக்கிற கருவி வச்சிருக்கிறான். தாய்க்கு ஒரு சொல் அனுப்ப ஏலாமல் போச்சோ? ஆர் பிடிச்சு வச்சிருந்தது? ஏன் விட்டது? எழுதினவருக்கு அது தேவையில்லை. அவருக்குச் சண்டைக்கு ஆள் வேணும், ஆளைக் கொண்டுவந்து நிப்பாட்டிப்போட்டார். தாயின்ரை வாயிலை கஞ்சிக் கோப்பையை வச்சு அடைச்சுப்போட்டார். அரியண்டம்."

எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடும் செயலாளர் தொண்டையைச் செருமினார். "அக்கா, இது கற்பனைதானே?"

"கற்பனைதான். அப்ப அந்தக் கேள்வியையும் கற்பனையிலை கேட்டிருக்கலாமே மாஸ்டர்?"

அதுவரை பரவாயில்லை. பிறகுதான் கெட்டது. தாதிப் பிள்ளை மெல்ல அக்காவின் கையைப் பிடித்து, "அக்கா, உங்கட நிலைமை எங்களுக்கு விளங்குது" என்றாள். சுற்றியிருந்த முகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் இளகின. அக்கா கையை இழுத்துக்கொண்டார். அவருடைய முகத்தில் அன்று கண்ட வெறுப்பை நான் வேறெப்போதும் கண்டதில்லை.

"என்ரை நிலைமையை விடுங்கோ பிள்ளை. நான் புத்தகத்தைப் பற்றிக் கதைக்கிறன். நீங்களும் புத்தகத்தைப் பற்றிக் கதையுங்கோ."

தேநீர் கொடுத்துக் கூட்டத்தை முடித்துவிட்டார்கள். அங்கே இருந்தவர்களில் புத்தகத்தை மிகக் கூர்மையாக வாசித்தவர் அவர்தான். அவர் கண்டுபிடித்த ஓட்டை கதையின் நடு முதுகெலும்பில் இருந்தது. ஆனால் அவர் காணாமல் போனவனின் தாய் என்பதால், அவர் சொன்னது விமர்சனமாக ஒருவர் காதிலும் விழவில்லை. வெளியே வந்து மோட்டார் சைக்கிளில் ஏறும்போது அவர் சொன்னார்: "பார்த்தீரோ, என்னை வாசகியாக் கூட வச்சிருக்க விருப்பமில்லை இவைக்கு."

இதற்கு மேலும் ஒரு அரியண்டம் இருந்தது. பதிப்பகத்தார் வாசகர் கருத்துகளைக் கேட்டிருந்தார்கள் என்று செயலாளர் எங்கள் கருத்துகளைச் செம்மைப்படுத்திச் சென்னைக்கு அனுப்பினார். வட்டத்தின் பெயர் அச்சில் வரவேண்டும் என்று அவருக்கு ஒரு ஆசை. அடுத்த பதிப்பு வந்தது. பின்னட்டையில், கொட்டை எழுத்தில், "இந்த நாவல் என் கண்ணீரைத் துடைத்தது – மங்களேஸ்வரி, வன்னியிலிருந்து ஒரு தாய்" என்று போட்டிருந்தது. என் கடைக்கு விற்பனைக்கு வந்த கட்டை அவிழ்த்தபோது நான்தான் முதலில் கண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் புத்தகத்தைத் தொட்ட கையைக் கழுவினேன்.

அக்காவை நானே செயலாளர் வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனேன். அவர் கதிரை இழுத்துப் போட்டார், அக்கா அதில் இருக்கவில்லை. தேத்தண்ணி வந்தது, தொடவில்லை. பின்னட்டையை அக்கா அவருக்கு முன்னால் நீட்டினார்.

"மாஸ்டர், எனக்குக் கண்ணீர் வந்ததெண்டு ஆர் கண்டது?"

"அக்கா, நல்ல நோக்கத்தோடைதான்... நீங்கள் அண்டைக்கு உணர்ச்சிவசப்பட்டு..."

"நான் அழேல்லை. ஏசினனான். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாத நீங்கள் என்னெண்டு வாசகர் வட்டம் நடத்திறியள்? நான் சொன்னதைப் போடப் பயமெண்டால் என்ரை பேரையும் போட்டிருக்கக் கூடாது. திருத்தச் சொல்லுங்கோ."

திருத்தச் சொல்கிறேன் என்றார் செயலாளர். சொல்லவில்லை. ஒவ்வொரு மாதமும் அக்கா கேட்டார். ஒவ்வொரு மாதமும் செயலாளருக்குச் சொல்ல ஒரு சாட்டு இருந்தது. அக்காவின் பெயரில் அந்தப் பொய் இப்போதும் கொழும்பிலும் சென்னையிலும் கடைத் தட்டுகளில் நிற்கிறது. அது திருத்தப்பட்டதைப் பார்க்காமலே அவர் போய்விட்டார்.

செயலாளர் வீட்டிலிருந்து திரும்பி வந்த அன்று வட்டக்கச்சி வீதியில், வயல்களுக்கு நடுவே, அக்கா என் முதுகுக்குப் பின்னாலிருந்து தானாகக் கதைத்தார். கோபி திரும்பி வருவதைப் பற்றி அவர் என்னோடு கதைத்த ஒரே தடவை அது.

"என்ரை பிள்ளை வந்தானெண்டால் முதல் கன்னத்திலை ஒரு அறை. பிறகு கேள்வி. பதில் முழுக்கச் சொல்லி முடிச்சாப் பிறகுதான் சோறு. அந்தப் புத்தகத்திலை இருக்கிறவ தாய் இல்லை தம்பி. கஞ்சி ஊத்திற மெஷின்."

எதிரே டிராக்டர் ஒன்று வந்தது. அதற்கு வழி விட்டு ஒதுங்கி நின்றோம்.

செத்தவீடுகளுக்குக் கல்வெட்டு அச்சடிப்பது என் கடைத் தொழிலில் பாதி. முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் இந்தச் சிறு புத்தகங்களில் இறந்தவர்கள் எல்லோரும் இனிமையானவர்கள், சாந்தமானவர்கள், எவரையும் கடிந்து பேசாதவர்கள். எத்தனையோ குடும்பங்களுக்கு அப்படி அடித்துக் கொடுத்திருக்கிறேன். துக்க வீட்டில் யாரோடு வாதாடுவது? அக்காவின் கல்வெட்டும் என்னிடம்தான் வந்தது. வட்டத்தின் சார்பில் செயலாளர் ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருந்தார். அதிலும் அந்தக் கண்ணீர் வாக்கியம், பூக்கரை போட்ட பெட்டிக்குள். அதை அக்காவின் மகள் தாட்சாயினியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் வாசித்தாள். முகத்தைச் சுளித்தாள், அச்சு அசலாகத் தாயைப் போலவே.

"இதென்ன மாமா அரியண்டம்? அம்மா இருந்தால் கிழிச்சிருப்பா. எடுத்துப் போடுங்கோ. அம்மா என்ன சொன்னவாவோ அதை நீங்கள் எழுதுங்கோ."

அதனால்தான் செயலாளரின் பக்கம் இருக்கவேண்டிய இடத்தில் இதை வாசிக்கிறீர்கள். கருத்துத் திருத்தம் என்று அக்கா கேட்டது இதுதான். பின்னட்டையில் வரவில்லை, இங்கே வருகிறது. அந்த நாவலைப் பற்றி வட்டக்கச்சி மங்களேஸ்வரியின் கருத்து: திரும்பி வந்தவனிடம் எங்கே இருந்தாய் என்று ஒருவரும் கேட்காத கதை, அரியண்டம்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய அந்த வரிசையைத்தான். முதலில் அறை, பிறகு கேள்வி, கடைசியில் சோறு. கோபி, நீ எங்கே இருக்கிறாயோ எனக்குத் தெரியாது. தெரியும் என்று நான் சொல்லமாட்டேன். ஒருவேளை வந்தாயானால், கிளிநொச்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில்தான் என் கடை. வீட்டுக்கு நானே கூட்டிக்கொண்டு போவேன். அறையை உன் அக்கா தாட்சாயினி தருவாள். சோறும் அவளே போடுவாள். நடுவில் உள்ளதை நான் கேட்பேன்.