பஞ்சாயத்து ரேடியோவைத் திருகுகிறவள்

ஊர்ப் பொதுச் சாமானுக்குச் சாவி வைத்திருப்பதைப் போல வசவு வாங்கித் தரும் வேலை வேறு கிடையாது. கோயில் உண்டியலோ பள்ளிக்கூட மணியோ, உங்கள் பொறுப்பிலும் ஏதாவது இருந்தால் என் பாடு புரியும். எனக்கு வாய்த்தது ரேடியோ. தாடிக்கொம்புக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ரேடியோ அறையின் பின்சுவர்தான் என் வீட்டுச் சுவர், நானோ எட்டாவது வரை படித்தவள். இந்த இரண்டு தகுதிக்காக வேலை கொடுத்தார்கள். காலையில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் அறையைத் திறந்து திருகிவிடுவேன். செய்தி வரும். அது முடிந்ததும் நாட்டு நடப்பைப் பற்றி நாலு பெரிய மனிதர்கள் விவாதிப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் எங்கள் ஊர் ஆண்கள் உட்கார்ந்து கேட்பார்கள்.

ஊருக்குக் கரண்டு வரவில்லை, எல்லாம் பேட்டரிதான். பஞ்சாயத்துத் தலைவர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "அடுத்த பேட்டரி பொங்கலுக்குத்தான் வரும். அதுக்கு முன்னால இது செத்துச்சுன்னா உன் வேலையும் செத்துச்சு தாயி."

அரிசியைக் குறையுங்கள்

உணவுத் தட்டுப்பாட்டைப் பற்றி ஒருநாள் விவாதம். மக்கள் அரிசிச் சோற்றைக் குறைத்துக்கொண்டு, ராத்திரிக்கு மட்டுமாவது வேறு தானியம் சாப்பிட வேண்டும் என்றார் ஒருவர். நல்ல குரல், சாப்பிட்டுவிட்டு வந்த குரல். எங்கள் ஊரில் காலையில் கம்மங்கூழ், ராத்திரியில் சோளச்சோறு. நெல்லுச்சோறு தீபாவளிக்கும், சம்பந்தி வீட்டார் வந்தாலும்தான்.

தோட்டத்தில் வெங்காயம் போடுகிற கருப்பையா மாமா கூழ்க்கலயத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். ரேடியோவைத் திருகுகிறவளுக்கு உள்ளே பேசுகிறவர் சொந்தக்காரர் என்பது அவர் நினைப்பு. "ஏத்தா, அந்த மனுசன்கிட்டச் சொல்லு. மொதல்ல எங்களுக்குக் கூட்டிவிடட்டும், பெறகு குறைச்சுக்கிருவோம்."

பெண்கள் முன்னேற்றம்

இதைப் பற்றியும் ஒருநாள் பேசினார்கள். ரேடியோவுக்குள் நாலு ஆம்பளை, மரத்தடியில் நாப்பது ஆம்பளை. நானும் என் மகளும் மட்டும்தான் பொம்பளை, எங்களுக்கு வாயில்லை.

பாத்துமா அக்கா அடுத்த தெரு. அவள் வீட்டுக்காரர் திண்டுக்கல் தோல்ஷாப்பில் தோல் பதனிடும் வேலை பார்க்கிறார். மத்தியானம் ரேடியோவில் ஒரு டாக்டரம்மா பிள்ளைகளுக்கு வரும் வயிற்றுப்போக்கைப் பற்றிப் பேசுகிறார் என்று அவர் சொல்லி அவளுக்குத் தெரிந்திருந்தது. போன கோடையில் அவள் கடைசிப் பிள்ளை அதில் பிழைத்ததே பெரிய காரியம். விவாதம் முடியட்டும் என்று தெருமுனையில் காத்திருந்து வந்து, மத்தியானம் செத்த நேரம் பெண்களுக்கும் ரேடியோ வைக்கலாமா என்று தலைவரிடம் கேட்டாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "முன்னேத்தமெல்லாம் சரிதாம்மா. அதுக்குப் பேட்டரி கெடையாது."

மகள் செய்த வேலை

விலைவாசி ஏன் ஏறுகிறது என்று ரேடியோ ஆரம்பித்த உடனே மரத்தடியும் ஆரம்பித்துவிட்டது. பேசுவது ரேடியோவா தலைவரா என்று பிரிக்க முடியாத கூச்சல். அந்த நேரம் பார்த்து இடுப்பிலிருந்த மகள் எட்டிக் குமிழைத் திருகிவிட்டாள். ரேடியோ நின்றுபோனது. வேலை போச்சு என்று பதறிக் கையை நீட்டினேன். வெளியே சத்தம் ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால், தலைவர் ரேடியோவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "ரேடியோவுலயே சொல்லுறான்ல" என்று ஆணித்தரமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு மகளுக்குப் பால் கொடுக்க உட்கார்ந்துவிட்டேன்.

வெயில் ஏறித்தான் கலைந்தார்கள். கருப்பையா மாமா போகும்போது நிறைந்த மனசோடு சொல்லிவிட்டுப் போனார்: "இன்னைக்கு வந்தவன் ஞாயக்காரன்த்தா. நான் சொன்னதுக்கு மறுபேச்சே பேசல."

மத்தியானக் கூட்டம்

அப்புறமென்ன, தினமும் செய்தி முடிந்து மரத்தடி சூடு பிடித்ததும் நானே திருகி அணைத்தேன். மிச்சமான பேட்டரியில் மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு பெண்கள் எல்லாரும் டாக்டரம்மாவைக் கேட்டோம். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுக்கிற பழக்கம் பாத்துமா அக்கா வீட்டில் தொடங்கித் தெருவுக்கே வந்தது.

ஒருநாள் மத்தியானம் கதவு திறந்தது. தலைவர். "யாரக் கேட்டுப் பேட்டரியக் கரைக்கிறீக? சாவியக் குடு." நான் சாவியை நீட்டிவிட்டேன். பாத்துமா அக்கா எழுந்திருக்கக்கூட இல்லை. "இது காலம்பற உங்க வாயால மிச்சமான பேட்டரிங்க தலைவரே. இந்த ஒரு மாசமா அணைஞ்ச ரேடியோகிட்டத்தான் நீங்க சண்டை போட்டீங்க. வாங்க, மரத்தடியில நாலு பேரக் கூட்டி ஞாயத்தச் சொல்லிருவோம்."

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் ரேடியோவைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார். என்னை நிறுத்தினால் ஏன் நிறுத்தினார் என்று ஊர் கேட்கும். நீட்டிய சாவியை வாங்கவில்லை. வாசலில் நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "செய்தி முடியிற வரைக்குமாவது அணைக்காம இரு தாயி." செய்திக்கு நடுவில் நான் ஒருநாளும் அணைத்ததில்லை, அதுகூட அவருக்குத் தெரியவில்லை.

அந்தப் பேட்டரி பொங்கல் தாண்டியும் உழைத்தது. நாட்டு நடப்பை விவாதிக்க ஆண்களுக்கு ரேடியோ வேண்டியதில்லை, ரேடியோ இருக்கிற இடம் இருந்தால் போதும்.