ஆறட்டும் என்று வைத்த சோறு

அவர் பதினெட்டு வருடமாக ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிறவர். குடியிருப்பில் எல்லோருக்கும் ‘ஐஸ் அண்ணன்’. வேலை முடிந்து பையைத் தோளில் மாட்டும்போது வீட்டுக்கு வீடு ஒரே புத்திமதிதான்: “சூடா எதையும் உள்ள வைக்காதீங்க, கம்ப்ரசர் திணறிப்போயிடும்.”

ஒருநாள் சாயங்காலம் அவர் மனைவி வேலைக்குக் கிளம்பினாள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவளுக்கு இரவு ஷிப்ட்; வீடு திரும்ப மறுநாள் மதியமாகும்.

“என்னங்க, மிச்சச் சோத்தை மறக்காம எடுத்து உள்ள வைங்க.”

“ஆறட்டும்மா.”

சோறு ஆறியது. அவரும் மறந்துபோனார். பானை விடியும்வரை அடுப்பின்மேலேயே கிடந்தது.

காலையில் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். வாடை ஒன்றும் இல்லை. வெங்காயமும் முட்டையும் போட்டு, ஆவி பறக்கக் கிளறி, மாமனாருக்கு ஒரு தட்டு, தனக்கு ஒரு தட்டு எடுத்துவைத்தார். இதய ஆபரேஷன் முடிந்து மகள் வீட்டில் தங்கியிருந்த மனிதர், “இன்னும் கொஞ்சம் போடுங்க மாப்பிள்ளை” என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பத்து மணிக்கு, நாலாவது மாடி வீடு ஒன்றில் ஃபிரிட்ஜ் கதவு ரப்பரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவருக்கு வயிற்றைப் புரட்டியது. யார் வீடு என்றுகூடப் பார்க்காமல் வாஷ்பேசினுக்கு ஓடினார். இரண்டாம் தடவை வாந்தி எடுக்கும்போதுதான் மாமனாரின் ஞாபகம் சுரீரென்றது. வீட்டுக்குப் போன் போட்டார்; அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. கருவிகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினார்.

பெரியவர் குளியலறை வாசலில் சுவரோடு சாய்ந்து கிடந்தார். உதடு வறண்டிருந்தது. “எழுந்திருக்க முடியலை மாப்பிள்ளை” என்றார்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிய டாக்டர், காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டார்.

“நேத்துச் சோறுதான். ஆனா நல்லா சூடு பண்ணினேன் டாக்டர்.”

“சூட்டுல கிருமி சாகும். ராத்திரியெல்லாம் வெளியே கிடந்த சோத்துல அது விட்டுவச்ச விஷம் போகாது. வாடையும் தெரியாது.”

சேதி கேட்டு ஓடிவந்த மனைவி அவரைத் தாண்டிப் போய் அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்தாள். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மூன்றாம் நாள் பெரியவர் வீடு திரும்பினார். அன்று மதியமே மனைவி அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். சோற்றை அகலமான தட்டில் பரப்பி, ஆவி அடங்கியதும் சின்ன டப்பாக்களில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்தாள்.

“நாளைக்கே தீர்த்துடணும். ஒரே தடவைதான் சுட வைக்கலாம், நடுவுலயும் ஆவி வரணும். இந்த இளஞ்சூட்டுக்கெல்லாம் கம்ப்ரசர் திணறுமா?”

“திணறாது” என்றார், தரையைப் பார்த்தபடி.

அதன்பிறகு பழைய வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் போன் போட்டார். “ஆற வைங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?” என்று ஓர் அம்மா பிடித்துக்கொண்டாள்.

“நான்தாம்மா. அரைகுறையாச் சொல்லிட்டேன். ஆவி அடங்கினதும் ஒரு மணி நேரத்துக்குள்ள உள்ள வச்சிடணும்.”

சிலர் சிரித்தார்கள். ஒரு வீட்டுக்கு நேரில் போனபோது, அங்கிருந்த பெண் மேடைமேல் இருந்த பாத்திரத்தைத் திறந்து காட்டினாள். முந்தின நாள் சோறு. தொட்டால் பூப்போல உதிர்ந்தது. அவளுக்குக் கொட்ட மனம் வரவில்லை. அவர் குப்பைக்கூடையைக் காலால் அவள் பக்கம் நகர்த்தினார்.