ரெண்டா, ரிண்டா?

போன வருடம் தீபாவளி முடிந்த கையோடு என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது. ஜார்ஜ் டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சே வந்தது. ஆனால் வலது கையும் பேச்சும் போய்விட்டன. பாயான் பாருவில் எங்கள் வீட்டில் மாமா தும்மினால் மேல்மாடி வரை கேட்கும். அப்பேர்ப்பட்ட மனிதர் வாய் கோணிப்போய்ப் படுத்திருந்தார்.

சில நாள் கழித்து ஒரு மாலை, ஒரே ஒரு சொல் வந்தது. "ரெண்டு."

அத்தை துள்ளி எழுந்தார். "என்னாங்க, என்ன ரெண்டு?"

"ரெண்டு," என்றார் மாமா மறுபடியும்.

அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் அதே பதில்தான். ரெண்டு தலையணை வைத்தோம், இடது கையால் தள்ளிவிட்டார். ரெண்டு வாழைப்பழம் கொடுத்தோம், முகத்தைச் சுளித்தார். பிள்ளைகள் ரெண்டு பேரையும் சேர்த்துப் பார்க்க ஆசைப்படுகிறார் போல என்று என் வீட்டுக்காரர் கோலாலம்பூரிலிருந்த தம்பியை வரவழைத்தார். அண்ணனும் தம்பியும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். மாமா இருவரையும் பார்த்துக் கண் கலங்கினார். நாங்கள் நிம்மதியாகும் நேரத்தில் "ரெண்டு" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவருக்கோ இதைக் கேட்டதும் முகமெல்லாம் பல். நேராக லாட்டரி எழுதும் நம்பர் கடைக்குப் போய் நாலு ரெண்டை வரிசையாக வைத்து எழுதிவிட்டார். அது விழவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு மலாய்ப் பெரியவர் இருந்தார். அவருடைய மனைவி என்னிடம் பிரியமாகப் பேசுவார், நானும் சின்னம்மா முறையில் மாச்சிக் என்று கூப்பிடுவேன். ஒருநாள் அவர் என்னைத் தன் கட்டில் பக்கம் அழைத்து, உன் மாமனார் யாருக்காக இப்படி ஏங்குகிறார், அந்த ஆளை ஒருமுறை கூட்டிக்கொண்டு வரக் கூடாதா என்று மலாயில் கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நாள் முழுக்க ரிண்டு, ரிண்டு என்கிறாரே" என்றார் அவர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரெண்டு இல்லை, ரிண்டு. மலாயில் ஒருவரை நினைத்து ஏங்குவதற்கு அதுதான் சொல். வாய் கோணியதில் சொல் குழறி வந்ததை நாங்கள் எங்கள் காதுக்கு ஏற்றபடி எண்ணிக்கை ஆக்கிவிட்டோம்.

இதில் பெரிய சங்கடம், அத்தையும் அதைக் கேட்டுவிட்டார். மாமா வேலை பார்த்த காலமெல்லாம் பாலிக் புலாவிலிருந்து பாயான் பாருவுக்கு ஃபேக்டரி பஸ் ஓட்டியவர். பஸ்ஸில் ஏறியவர்கள் பெரும்பாலும் இளம் மலாய்ப் பெண்கள். அத்தை உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சைக் கீழே வைத்தார்.

"யாருங்க அவ?"

"ரிண்டு," என்றார் மாமா.

அன்று முழுக்க ஒருவர் பேச முடியாமலும் இன்னொருவர் பேச மாட்டாமலும் இருக்க, நடுவில் நான் திருதிருவென்று முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாலையில் வேலை முடிந்து புக்கிட் தெங்காவிலிருந்து வந்த என் வீட்டுக்காரர்தான் அதைக் கவனித்தார். ரிண்டு என்று சொல்லும்போதெல்லாம் மாமாவின் இடது கை கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தது. "இது பாட்டுலா! நான் சின்ன வயசுல பஸ்ல கூடப் போறப்ப, ரேடியோ பாடும், அப்பா ஸ்டீரிங்ல இப்படித்தான் தட்டுவாரு."

உடனே கைபேசியில் தேடினேன். தலை சுற்றிவிட்டது. மலாயில் பாட வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு ரிண்டு பாடிவிட்டுத்தான் மறுவேலை பார்த்திருக்கிறார்கள் போல! ஒருத்தர் தொண்டை கிழியக் கத்தினார். ஒரு பெண் விசும்பிக்கொண்டே பாடினாள். ஒன்று ஜோடிப் பாட்டு, ஒன்று இறைவனை நினைத்துப் பாடியது, ஒன்றில் பாட்டே இல்லை, வெறும் கிட்டார். எல்லாவற்றுக்கும் தலைப்பு அதேதான். ஒவ்வொன்றுக்கும் மாமா "ரிண்டு!" என்று கோபமாகச் சொன்னார், அது இல்லை என்று அர்த்தம். மாச்சிக் தனக்குப் பிடித்த ரிண்டுவைப் போடச் சொன்னார். எதிர்க்கட்டில் சீனர் வேறொன்றைச் சொன்னார். நர்ஸ் மிஸ்ஸி வந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு, தனக்குத் தெரிந்த ஒன்றையும் சொல்லிவிட்டுப் போனாள். அத்தை மட்டும் பாட்டைக் கேட்கவில்லை, மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒரு பழைய பாட்டு, வயலின் அழுது வழிந்தது. மாமா கண்ணை மூடினார். பாடகரோடு சேர்ந்து ஒரு வரியைப் பாடினார். அடுத்த வரியையும் பாடினார். ஒரு சொல்லுக்கே தடுமாறிய நாக்கு மலாய்ப் பாட்டை முழுதாகப் பாடியது! பேச முடியாத சிலருக்குப் பாட்டு வரும் என்று பிறகுதான் டாக்டர் சொன்னார். அப்போது எங்களுக்கு அதெல்லாம் தெரியாது, எல்லோரும் அழுதோம். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாரா இருந்தா எனக்கென்னா, வாய் தொறந்துச்சே, அது போதும்" என்றார்.

போதும் என்றாரே தவிர, அவருக்குப் போதவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பாட்டைப் போட்டாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். எனக்கோ புதுக் குழப்பம். ஒருநாள் மாமா அந்தச் சொல்லைச் சொன்னதும் பாட்டைப் போட்டேன், முறைத்தார். பார்த்தால் அன்று உண்மையிலேயே ரெண்டு பிஸ்கட்டுதான் கேட்டிருக்கிறார்.

இந்த வருடம் அத்தையின் அக்கா வீட்டில் ஒரு காரியம். மாமா படுத்த பிறகு அத்தை முதல் முறையாகப் பாலிக் புலாவில் ஒரு ராத்திரி தங்கினார். மறுநாள் காலையிலிருந்து மாமா ஒரு வாய் சாப்பிடவில்லை. அதே சொல்தான். பாட்டைப் போட்டேன், கைபேசியைத் தட்டிவிட்டார். பிஸ்கட் கொடுத்தேன், வேண்டாமென்று தலையை ஆட்டினார். எனக்கு அழுகை வராத குறை. பிறகு அவர் அத்தை உட்காரும் நாற்காலியைக் காட்டினார். அதையே விடாமல் காட்டிக்கொண்டிருந்தார். அத்தைக்குப் போன் போட்டு அவர் காதில் வைத்தேன்.

"ரிண்டு," என்றார் மாமா.

"என்னாங்க, ரெண்டு பிஸ்கட்டா? மருமவகிட்ட கேளுங்களேன்."

"இல்ல." பக்கவாதம் வந்த பிறகு அவர் பேசிய இரண்டாவது சொல் அது. "ரிண்டு."

அத்தை, "இந்தா, இப்ப பஸ் ஏறிடுறேன்" என்றார்.

அந்தக் காலத்தில் ஸ்டீரிங்கைத் தட்டிக்கொண்டு அவர் யாரை நினைத்துக் கேட்டாரோ, எனக்கு இன்னும் தெரியாது, அத்தையும் இப்போது கேட்பதில்லை. ஒரே பேரில் எத்தனையோ பாட்டு இருப்பதைப்போல, ஒருவர் வாயில் வரும் ஒரே சொல்லுக்குள்ளும் எத்தனை இருக்குமோ என்ற பயத்தில், யார் என்ன சொன்னாலும் உடனே புரிந்ததுபோல் தலையாட்டுவதை நான் நிறுத்திவிட்டேன்.