பன்னிரண்டு புகைபோக்கி வீடு

போன வியாழக்கிழமை காலையில் பால் பொங்கிவிட்டது. எங்கள் வீட்டில் பால் பொங்கினால் விசேஷம் ஒன்றும் இல்லை. நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்று அர்த்தம். கைக்கு அகப்பட்ட துணியை இழுத்து அடுப்பைத் துடைத்தேன். திருப்பூரில் குடியிருந்தவர்கள் வீட்டில் துடைக்கிற துணிக்குப் பஞ்சமே வராது, பரணில் ஒரு மூட்டை பழைய பனியனாவது கிடக்கும். பால் நனைந்த பனியன் துணிக்குத் தனியாக ஒரு வாசனை உண்டு. அந்த வாசனையோடு அதைப் பிழியும்போதுதான் கழுத்துக்கு உட்புறம் அச்சடித்திருந்த சின்னப் படத்தைக் கவனித்தேன். பெரிய வீடு. கூரையில் வரிசையாகப் பன்னிரண்டு புகைபோக்கிகள். அதைப் பார்த்தபடியே நின்றுவிட்டதில் மிச்சமிருந்த பாலும் பொங்கிவிட்டது.

அந்த வீட்டுக்குப் பெயர் பிரிம்பிள்டன் ஹால். இங்கிலாந்தில் இருக்கிறது. இருக்கிறது என்று சொன்னது நான்தான். அதைக் கட்டியவர் சர் எட்வர்ட், அவருடைய தம்பி சர் வில்லியம், எட்வர்டின் மனைவி லேடி மார்கரெட் என்பதெல்லாம் என் கைவேலை. அந்த வம்சத்தின் நல்லது கெட்டது முழுக்க என் பொறுப்பில் இருந்தது. இத்தனைக்கும் அந்தக் காலத்தில் நான் கோயம்புத்தூரையே மூன்று தடவைதான் பார்த்திருந்தேன்.

இரண்டாயிரங்களின் ஆரம்பம். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. நான் தபால் வழியில் ஆங்கிலப் பட்டம் வாங்கிக்கொண்டு காங்கயம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் உதவி மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தேன். அப்படியென்றால் என்ன வேலை என்று அப்பா கேட்டார். வெளிநாட்டுக்காரர்களுக்குத் தினமும் ‘நாளைக்கு அனுப்பிவிடுகிறோம்’ என்று விதவிதமாக எழுதுகிற வேலை என்றேன். அவருக்குத் திருப்தியாக இருந்தது.

கம்பெனி அண்ணன் தம்பி இருவருக்குச் சொந்தம். கணியூர்ப் பக்கம் கரும்பும் தென்னையும் வைத்திருந்த குடும்பம். மூத்தவர் சென்னியப்பன், வேட்டி சட்டை, சட்டைப்பையில் எப்போதும் ஒரு பென்சில். இளையவர் தங்கவேல், பேண்ட், இடுப்பில் இரண்டு செல்போன். ஒரே வீட்டில் குடியிருந்தார்கள், ஒரே காரில் வந்தார்கள். மத்தியானம் ஒரே அடுக்குக் கேரியரைத் திறந்து, ரசத்தை நீ ஊற்று நான் ஊற்று என்று உபசரித்துக்கொள்வார்கள்.

ஒருதடவை ஒரு வெள்ளைக்காரர் ஆர்டர் கொடுக்க வந்தவர், தங்கள் ஊரில் ஜனங்கள் துணியை வாங்குவதில்லை, துணியோடு தொங்கும் கதையைத்தான் வாங்குகிறார்கள் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார். தங்கவேல் அதைக் கேட்டுச் சிரித்தார். சென்னியப்பன் சிரிக்கவில்லை. ஏற்றுமதி போக மிஞ்சுகிற துணியில் பனியன் தைத்துக் காதர்பேட்டை மொத்தக் கடைகளுக்குத் தள்ள அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. அதற்குக் கதை கிடைத்துவிட்டது என்று முடிவு செய்துவிட்டார். அவர் நாற்காலிக்குப் பின்னால் தையல் ஊசி விற்கும் ஏஜெண்ட் கொடுத்த காலண்டர் ஒன்று தொங்கியது. அதில்தான் அந்த வீடு இருந்தது. என்னைக் கூப்பிட்டு, பென்சிலால் ஒவ்வொரு புகைபோக்கியாகத் தொட்டு எண்ணினார்.

“பன்னெண்டு அடுப்புங்க அம்மிணி. அப்ப பன்னெண்டு குடும்பம். ஆனா கூரை ஒண்ணுதான். பாருங்க, வெள்ளைக்காரன் பாகம் பிரிக்காம இருந்திருக்கறான்.”

குளிர்காய அறைக்கு அறை அடுப்பு வைப்பார்கள் என்று நான் திருத்தியிருக்க வேண்டும். எனக்கும் தெரியாதே. சாத்தான்குளத்தில் யார் குளிர்காய்ந்தார்கள்? ஆமா சார் என்றேன். அவர் அகராதியில் தனி அடுப்பு என்றால் பிரிவினைக்கு முதல்படி. அவருடைய பெரியப்பா மக்கள், சித்தப்பா மக்கள் எல்லோரும் அப்படித்தான் பிரிந்து போயிருந்தார்கள். தன் தம்பியும் ஒருநாள் போய்விடுவான் என்பது அவருக்குத் தூங்கி எழுந்தால் வரும் பயம். பன்னிரண்டு அடுப்பு வைத்தும் பிரியாத ஒரு குடும்பத்தைக் காலண்டரில் கண்டதும் அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. பனியனுக்கு அந்த வீட்டின் பெயரையே வைத்து, படத்தைக் கழுத்தில் அச்சடிக்கவும், வீட்டின் சரித்திரத்தை என்னை எழுதவும் சொன்னார். பனியனில் தொங்கும் டேக்கின் பின்பக்கம் ஒரு தவணை, தைத்து முடிக்கிற ஒவ்வொரு லாட் சரக்குக்கும் புதுத் தவணை.

நான் எழுதினேன். டேக்கில் ஐந்தாறு வரிதான் பிடிக்கும். எட்வர்ட் குதிரையில் வந்தார், கல் சுமந்தார், வீடு கட்டினார். ஆங்கிலத்தில் எழுதியதை முதலாளிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். அவர் திருத்தம் சொல்வார். படத்தில் நாய் நிற்கிறது, மாடு எங்கே என்றார். அடுத்த தவணையில் சர் எட்வர்ட் திமில் வைத்த காளை ஜோடி ஒன்று வாங்கினார். கிணறு எத்தனை அடி என்றார். எழுபது அடி வெட்டி, வற்றாத ஊற்று வைத்தேன். லேடி மார்கரெட் விடியுமுன் எழுந்து வாசல் தெளித்தது மட்டும் முதலாளி சொல்லி எழுதியதல்ல. அது என் சொந்தக் கற்பனை. அன்றைக்கு அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

காதர்பேட்டையில் அதை ஒருவரும் படித்ததாகத் தகவல் இல்லை. வடக்கே போன பனியன்களின் டேக்கை யாராவது பல் குத்தப் பயன்படுத்தியிருப்பார்கள். எனக்கு வாய்த்த வாசகர்கள் எங்கள் செக்கிங் பெண்கள்தான். பிசிறு வெட்டி, டேக் குத்தி, மடித்துப் பெட்டியில் வைப்பது அவர்கள் வேலை. அவர்களுக்குத் தலைவி ரூபி அக்கா, எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரி. புது டேக் வந்தால் டீ நேரத்தில் நான் தமிழில் சொல்லியாக வேண்டும். இரண்டே தவணையில் அக்கா குறை கண்டுபிடித்துவிட்டாள்.

“ஏட்டி, அண்ணன் தம்பி ஒரு வீட்ல இருந்து ஓரகத்தி சண்ட வரலன்னா எவ நம்புவா? வில்லியம் பொண்டாட்டி எங்கட்டி?”

அவசரமாக வில்லியமுக்கு ஒரு கல்யாணம் செய்து வைத்தேன்.

இந்த சமயத்தில்தான் காப்பி மிஷின் வந்தது. அதுவரை கம்பெனியில் டீ என்றால் பின்பக்கத் தகரக் கொட்டகையில் விறகடுப்பில் கொதிப்பதுதான். முதலாளியிலிருந்து கட்டிங் மாஸ்டர் வரை எல்லோருக்கும் அதே டீ, அதே புகை வாசனை. தங்கவேல் டெல்லியில் ஏதோ கண்காட்சிக்குப் போய்விட்டு வந்து, பொத்தானை அமுக்கினால் காப்பி கொட்டும் மிஷின் ஒன்றைத் தன் அறை வாசலில் நிறுத்தினார். சென்னியப்பன் வந்தார், பார்த்தார். அவர் கோபப்படவில்லை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“தனி அடுப்பு வெச்சுட்டானுங்க.”

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. இரண்டு கார் வந்தது. இரண்டு கேரியர் வந்தது. கொட்டகையில் டீ குடிப்பவர்கள் அண்ணன் கட்சி, மிஷினில் பிடிப்பவர்கள் தம்பி கட்சி என்று ஆகிப்போனது. எதற்கு வம்பு என்று நான் மூன்று வாரம் வெறும் தண்ணீர் குடித்தேன்.

வம்பு என்னை விடவில்லை. ஒருநாள் காலையில் அண்ணன் என் மேசைக்கு வந்து, எட்வர்ட் தம்பியை மன்னித்துவிட்டதாக அடுத்த டேக்கில் போடச் சொன்னார். அவர் போன கொஞ்ச நேரத்தில் தம்பி வந்தார். மன்னிக்கிற அளவுக்கு வில்லியம் என்ன தப்புச் செய்தார் என்று கேட்டார். வில்லியம் தனியாகப் போய் வீடு கட்டி நன்றாக இருந்தார் என்று எழுதச் சொன்னார். பக்கத்துப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர், நடுவில் இங்கிலாந்தை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குத் தைரியம் கிடையாது. இரண்டையும் எழுதினேன். நீலப் பனியனில் மன்னிப்பு, சாம்பல் பனியனில் தனி வீடு. பேக்கிங்கில் இரண்டும் கலந்துவிட்டன. ஆறு பனியன் கொண்ட ஒரு பெட்டிக்குள் சர் வில்லியம் மூன்று தடவை வீட்டை விட்டுப் போய் மூன்று தடவை திரும்பி வந்தார். ரூபி அக்கா டேக் குத்தும் துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் வந்தாள். இந்த வில்லியமுக்கு ஒரு நிலை இல்லையா என்று கேட்டாள். அப்புறம் மெதுவாக, கம்பெனி பிரிந்தால் எங்களில் யார் எந்தப் பக்கம் என்று கேட்டாள். அதுவரை எனக்கு எல்லாம் விளையாட்டாகவே இருந்தது.

அடுத்த தவணையை யாரிடமும் காட்டாமல் அச்சுக்கு அனுப்பினேன். ஒரு குளிர்காலக் காலையில் சர் எட்வர்ட் நடந்து போய், தம்பியின் அடுப்பருகே நின்று, குடிக்க ஒரு கோப்பை கேட்டார். அவ்வளவுதான் அதில் இருந்தது.

டேக் கட்டு வந்ததும் முதலாளி வழக்கம்போல் கூப்பிட்டார். வாசித்துத் தமிழில் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார், சொன்னேன். பென்சிலைச் சட்டைப்பையில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார்.

“வில்லியம் குடுத்தாருங்களா?”

“அது அடுத்த டேக்ல வரும் சார்.”

எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு நேரே மிஷினிடம் போனார். ஒரு காகிதக் கப்பை வைத்தார். அதில் நான்கு பொத்தான்கள் இருந்தன. யாரிடமும் கேட்கவில்லை, நாலாவதை அமுக்கினார். சிவப்பாக ஏதோ இறங்கியது. நின்றபடியே ஊதி ஊதிக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. தங்கவேல் அறை வாசலுக்கு வந்துவிட்டார்.

“அண்ணா, அது தக்காளி சூப்புங்க.”

“நானும் நெனச்சேன் தம்பி. காப்பிக்கு எதுக்கு உப்புப் போடறாங்கன்னு.”

முதலில் சிரித்தது தங்கவேல்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பில் வந்த கண்ணீர் என்றே நாங்கள் வைத்துக்கொண்டோம். அன்று மத்தியானம் ஒரு கேரியர்தான் திறந்தார்கள். அடுத்த டேக்கில் வில்லியம் கோப்பை நிறையக் கொடுத்தார். நான் சந்தோஷத்தில் லேடி மார்கரெட்டுக்கு இரட்டைப் பிள்ளை கொடுத்தேன்.

இத்தோடு நிறுத்தினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நாலைந்து வருஷம் கழித்து அவர்கள் பிரிந்தார்கள். சண்டை இல்லை, கோபம் இல்லை. பிள்ளைகள் வளர்ந்தார்கள், ஏற்றுமதி ஒரு பக்கம் போனது, பனியன் ஒரு பக்கம் போனது. அவர்களுடைய தாய்மாமன் வந்து கட்டிங் டேபிளில் உட்கார்ந்து பாகம் பிரித்தார். தையல் மிஷின், தராசு, பெஞ்சு எல்லாம் ஆளுக்குப் பாதி. காப்பி மிஷினை அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார். டீ அண்டாவைத் தம்பி எடுத்துக்கொண்டார். கடைசியில் பனியனின் பெயர் மிஞ்சியது. பிரிம்பிள்டன் ஹால் யாருக்கு என்றார் மாமன். தம்பிக்கு இருக்கட்டும் என்றார் அண்ணன். இல்லீங்ணா, அது உங்களுக்குத்தான் என்றார் தம்பி. ரசம் ஊற்றிய அதே உபசாரம். மாமனுக்குச் சலித்துவிட்டது. சென்னியப்பன் என் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்க அம்மிணி, அவுங்க கடைசிவரைக்கும் ஒண்ணாத்தான இருந்தாங்க?”

வேறு என்ன சொல்வது? ஆமா சார், ஒண்ணாத்தான் இருந்தாங்க என்றேன்.

“அப்ப அத பிரிக்க வேண்டாமுங்க. அப்படியே உட்ருங்க.”

அப்படியே விட்டார்கள். இருவரும் எடுக்காததால் அந்தப் பெயரில் அதன்பிறகு ஒரு பனியன்கூட வரவில்லை. கடைசி டேக்கை நான் எழுதவும் இல்லை. கட்டிடத்தின் நடுவே சுவர் எழும்பியது. கொஞ்ச காலத்தில் இரண்டு பக்கமும் ஓட்டம் நின்று, இன்றைக்கு ஒரு பார்சல் கம்பெனி மொத்தத்தையும் வாடகைக்கு எடுத்து அந்தச் சுவரை இடித்துவிட்டது. டீக் கொட்டகை இருந்த இடத்தில் வண்டி நிறுத்துகிறார்கள். ரூபி அக்கா ஊருக்குப் போய்விட்டாள். சென்னியப்பன் இப்போது இல்லை. அவருக்குக் கொள்ளி வைக்க மகன் வெளிநாட்டிலிருந்து வந்து சேரும்வரை, தங்கவேல் அவர் தலைமாட்டைவிட்டு நகரவில்லை என்று கேள்விப்பட்டேன்.

போன வியாழக்கிழமை அந்தப் பனியன் துணியைச் சோப்புப் போட்டு அலசி, தனியாகக் கொடியில் காயப் போட்டேன். அடுப்புத் துடைக்க வேறு துணி எடுத்து வைத்துவிட்டேன். சாயம் நிறையப் போயிருக்கிறது, நாய் இருந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. ஆனால் புகைபோக்கி பன்னிரண்டும் இருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன்.