காற்றுப் பெட்டியும் கயிறும்

காற்றை அளப்பதுதான் என் வேலை. பல்லடம் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். அது லேசர் ஒளியை மேலே அனுப்பும். காற்றில் மிதக்கும் தூசியில் பட்டுத் திரும்பும் ஒளியை வைத்து, எந்த உயரத்தில் என்ன வேகம், எங்கே சுழிக்கிறது என்று சொல்லிவிடும். கணபதி என்ற பகுதியில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். சொந்தக்காரர்களுக்கு இதை விளக்குவதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிடும். கொடுமுடியில் வாழை போட்டிருக்கும் அக்கா வீட்டுக்காரர் மட்டும் பொறுமையாகக் கேட்பார். கேட்டுவிட்டு, "அளக்கறது செரிங்க மாப்ள, நிறுத்துமுங்களா?" என்பார்.

போன சித்திரையில் ஒரு மத்தியானம் பெட்டி காட்டிய காற்று தாறுமாறாக இருந்தது. அது தன் தலைக்கு மேலே இருப்பதை மட்டும்தான் பார்க்கும் என்பதால் வானிலை ரேடார் படத்தைத் திறந்தேன். மழைமேகம் சிவப்புத் திட்டாக, அவிநாசிப் பக்கமிருந்து கிளம்பி காங்கயத்தைத் தாண்டிக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. நேராகக் கொடுமுடிக்கு.

அக்காவின் நேந்திரன் வாழை அப்போது வெட்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. தார் கனத்தில் மரமெல்லாம் சாய்ந்தே நிற்கும். காற்று ஒரு சுழற்று சுழற்றினால் வருஷம் முழுக்கப் பட்ட பாடு தரையில் கிடக்கும். போன் போட்டேன்.

"அக்கா, பெருங்காத்து வருதுங்க. முக்கால் மணி நேரத்துல அங்க வந்துரும்."

"முட்டுக் கம்பு இன்னும் வந்து சேரலையே கண்ணு. இப்ப என்ன பண்றது?"

அது எனக்கு எங்கே தெரியும்? வருவது தெரியும், வரும் வேகம் தெரியும், அவ்வளவுதான். "பாத்துக்கங்கக்கா" என்றேன். அதைவிட உதவாத பேச்சு இருக்க முடியாது.

"செரி, கயிறு கெடக்குது. ஆனமட்டும் மரத்துக்கு மரம் கட்டிப் பாக்கறோம்."

அதன்பிறகு அக்கா போனை எடுக்கவில்லை. ரேடார் படம் சில நிமிஷத்துக்கு ஒருமுறைதான் மாறும். ஒவ்வொரு முறையும் சிவப்பு இன்னும் கொஞ்சம் கிழக்கே நகர்ந்திருந்தது. கடைசியில் கொடுமுடி என்ற பெயரே அதற்கடியில் மறைந்துபோனது. அந்தத் தோட்டத்துக்குள் இரண்டு பேர் கயிற்றோடு ஓடிக்கொண்டிருப்பார்கள். பக்கத்து மேஜைக்காரர் டீ குடிக்கக் கூப்பிட்டார். வரவில்லை என்று எரிந்து விழுந்தேன்.

இருட்டும் முன்பே அக்கா கூப்பிட்டாள். இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் போய்ப் பார்த்தேன். கட்டாமல் விட்ட வரிசைகளில் அங்கங்கே சில மரங்கள் தாரோடு நின்றன. கட்டிய வரிசையில் ஒன்று விழுந்து அடுத்ததை இழுக்க, அது அதற்கடுத்ததை இழுக்க, மொத்தமும் படுத்துவிட்டது. நான் போன் போடாமல் இருந்திருந்தால் அதிலும் சிலது நின்றிருக்கும். மச்சான் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். பெட்டியைப் பற்றி அன்று அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

அடுத்த வாரமே மறுபடியும் சிவப்பு வந்தது. சொல்வதா வேண்டாமா என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மனசு கேட்கவில்லை.

"அக்கா, வருதுங்க."

"சொன்னது நல்லதாப் போச்சு கண்ணு," என்றாள் அக்கா. "வெளிய துணி காயுது. எடுத்துப்போட்டு வாரேன்."