கடைசி மூன்று சீர்

அம்மா டார்ச் பிடித்தால் வெளிச்சம் ஓரிடத்தில் நிற்காது. மெகாஃபோனைக் கழற்றி, அறுந்துபோன ஒயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் ஒயரை விட்டு என் முழங்கைக்குப் போனது, சுவருக்குப் போனது, போனால் போகிறதென்று மறுபடி ஒயருக்கு வந்தது. அவளுடைய இன்னொரு கையில், விரல்கணுக்களின் மேல் கட்டைவிரல் நகர்ந்துகொண்டிருந்தது. சுண்டுவிரல் அடிக்கணு, நடுக்கணு, நுனி. எண்ணுகிறாள்.

"அம்மா, இங்க காட்டு."

"காட்டிக்கிட்டுதானேடி இருக்கேன்."

"செவுத்துக்குக் காட்டுற."

"செவுத்துக்கும் கொஞ்சம் தெரியட்டுமே. இரு, 'சொத்தையாக்கும்' ஒரு சீரா, ரெண்டு சீரா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"படிச்சவதானே நீ!"

நான் படித்தது கருவியியல். தராசுகளையும் அழுத்தமானிகளையும் சரிபார்ப்பது என் வேலை. ஒரு சீர் என்றே வைத்துக்கொள்ளச் சொன்னேன். பற்றவைத்த இடம் ஆறியதும் மெகாஃபோனைப் பிடுங்கி வாயில் வைத்தாள். "ஹலோ, ஹலோ! பல் டாக்டர் எங்கிருந்தாலும் வாய மூடிக்கிட்டு வரவும்!" மேல்மாடிக்காரர் ஜன்னலைச் சாத்தினார்.

அது திங்கட்கிழமை மாலை. புதன்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பி ஷூ மாட்ட உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. இதயம். வயது ஐம்பத்தேழு.

குடிநீர் மீட்டர் பார்ப்பது அவள் தொழில். வீடு வீடாகப் போய், இரும்பு மூடியைத் தூக்கி, கண்ணாடியைத் துடைத்து, எண்ணை அட்டையில் எழுத வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றிருபது வீடு. ஒரு மூடிக்கும் அடுத்த மூடிக்கும் நடுவில் பாட்டு. பாட்டென்றால் கால்பந்துப் பாட்டு, அதிலும் கேலிப்பாட்டு மட்டும். முதல் மூன்று வரிகளில் நான்கு நான்கு சீர், கடைசி வரியில் மூன்று. "வெண்பாவாக்கா?" என்று யாராவது கேட்டால், "வெண்பாவுக்குத் தூரத்துச் சொந்தம். தளை கிளையெல்லாம் எனக்குத் தெரியாது. எண்ணிக்கை மட்டும் கரெக்டா இருக்கும்" என்பாள்.

ஒருமுறை அந்த எண்ணிக்கை இடம் மாறிவிட்டது. ஒரு வீட்டு அட்டையில் மீட்டர் எண்ணுக்குப் பதிலாக 4443 என்று எழுதிவிட்டாள். முந்தைய மாதம் அங்கே 912. மறுநாளே கசிவு தேடும் ஆட்கள் வந்து அந்த வீட்டு வாசலில் இடுப்பளவு பள்ளம் தோண்டினார்கள். குழாய் கல் மாதிரி இருந்தது. மேலதிகாரி எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்டார். அட்டை எழுதும்போது மனதில் ஓடிய பாட்டையே அம்மா எழுதிக் கொடுத்தாள். நீல அணியின் கோல்கீப்பரைப் பற்றியது:

கதவைத் திறந்துவைத்துக் காவல் நிற்கும்
மதகே! நீலத்தின் மாண்புமிகு கோல்கீப்பரே!
உதைத்தபந்து உள்ளேபோய் ஓய்வெடுத்துக் கொள்கிறது;
எதற்கையா இரண்டு கம்பம்?

மேலதிகாரியும் எங்களைப் போல மஞ்சள் அணிக்காரர். தப்பித்தாள்.

மைதானத்தின் கேலரியை ஒரு கயிறு இரண்டாகப் பிரிக்கும். இந்தப் பக்கம் மஞ்சள், அம்மாதான் தலைவி. அந்தப் பக்கம் நீலம், பல் டாக்டர் தலைவர். இரண்டு அணிகளும் மோதும்போது ஒருமுறை அவர் பாட வேண்டும், அடுத்தமுறை அம்மா பதில் பாட வேண்டும். எதிராளி முடித்த சொல்லில்தான் தொடங்க வேண்டும். வீட்டாரை இழுக்கக் கூடாது. ஆட்டம் முடிந்து பத்து நிமிடத்துக்குள் முழுப் பாட்டும் மெகாஃபோனில் வந்தாக வேண்டும். வராவிட்டால் அடுத்த சீசன் முழுக்க எதிரணி நிறத்தில் மஃப்ளர். பதினொரு வருடத்தில் டாக்டர் இரண்டு சீசன் மஞ்சள் மஃப்ளரோடு பல் பிடுங்கியிருக்கிறார். அம்மா கழுத்தில் நீலம் ஏறியதே இல்லை.

போன மாதம் டாக்டரின் முறை. எங்கள் ஸ்ட்ரைக்கருக்கு 'விழுந்தபையன்' என்று பெயர். காற்று பட்டாலே காலைப் பிடித்துக்கொண்டு உருளுவான். டாக்டர் விடுவாரா?

விழுந்து விழுந்து விசிலை வாங்கும்,
எழுந்து நடக்க ஸ்ட்ரெச்சர் கேட்கும்
கொழுந்துப் பிள்ளை உங்கள் ஸ்ட்ரைக்கர்;
அழுதால் தருவேன் மிட்டாய்.

எங்கள் பக்கத்தில் முதலில் கைதட்டியது அம்மாதான். "பல் டாக்டர் மிட்டாய் தர்றாராம்! தொழில் பக்தியப் பாருங்கடா!" சிரித்த சிரிப்பில் பெஞ்சு ஆடியது. பக்கத்தில் இருந்த பஸ் டிரைவர் மாமா முறைத்தார். "எதிரி பாட்டுக்குக் கைதட்டுறியே, வெக்கமா இல்ல?" "நல்லா இருந்தா என்ன பண்ணித் தொலைய!"

வியாழக்கிழமை டாக்டர் வீட்டுக்கு வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. "மீட்டரக்கா இல்லாம என்னம்மா போட்டி. இந்தத் தடவை விட்டுடலாம்" என்றார்.

"மூணு வரி எழுதி வச்சிருக்காங்க டாக்டர்."

அவர் முகம் மாறியது. "சொல்லாத! இங்க சொல்லிடாத. சனிக்கிழமை மேட்ச்ல கேட்டுக்கிறேன்." வாசல் வரை போய்த் திரும்பினார். "அப்ப நான் விட மாட்டேன். பத்து நிமிஷம்னா பத்து நிமிஷம்தான்."

அம்மாவின் பையில் அந்தப் பாட்டு எழுதிய அட்டை இருந்தது. மூன்று வரி. நான்காவது காலி, அங்கே 3 என்று எழுதி வட்டம் போட்டிருந்தாள். மறந்ததல்ல. நான்காவது வரியை ஆட்டத்துக்கு முன்னால் அவள் எழுதியதே இல்லை. "கடைசி மூணு சீர மேட்ச் எழுதும்டி. நானே எழுதினா அது ஜோசியம்."

சனிக்கிழமை போனேன். மெகாஃபோனுக்குப் புது பேட்டரி போட்டிருந்தேன். எண்பத்தொன்பது நிமிடம் கோல் இல்லை. பந்து இரண்டு முறை எங்கள் கம்பத்தில் மோதித் திரும்பியது. பஸ் டிரைவர் மாமா கையில் நகம் மிச்சமில்லை. அப்போது விழுந்தபையனுக்குப் பந்து வந்தது. வந்ததும் விழுந்தான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் முந்நூறு பேர் ஒரே குரலில் "மிட்டாய்! மிட்டாய்!" என்று கத்தினார்கள். விசில் வரவில்லை. பந்து அவன் தலைமாட்டிலேயே கிடந்தது.

"எழுந்துட்டான்!" மாமா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "அம்மாடி, அவன் எழுந்துட்டான்!"

எழுந்தவன் ஓடினான். நீலத்தில் பாதிப் பேர் விசிலை எதிர்பார்த்து நின்றுவிட்டார்கள். ஒருவன், இருவர், கோல்கீப்பர். வலை குலுங்கியது. நான் பெஞ்சின் மேல் நின்றிருந்தேன். எப்போது ஏறினேன் என்று தெரியவில்லை. யார் யாரோ கட்டிப்பிடித்தார்கள். பக்கத்தில் ஓரிடம் மட்டும் காலியாக இருந்தது. அதில் யாரும் கால் வைக்கவில்லை.

கடைசி விசில் ஊதியது. கயிற்றருகே போய்ப் பொத்தானை அழுத்தினேன். பற்றவைத்த ஒயர் தாங்கியது. படித்தேன்:

மிட்டாய் கொடுத்துப்பல் சொத்தையாக்கும் டாக்டரே!
கட்டிய கோட்டையெனக் காவல்நின்ற எட்டுப்பேர்
விட்ட வழியில் விழுந்தபையன் ஓடிவந்து

இரண்டு பக்கமும் சிரிப்பு வெடித்தது. பிறகு காத்திருந்தார்கள். அட்டையில் வட்டத்துக்குள் 3. நான் வாழ்க்கையில் ஒரு வரி பாட்டு எழுதியதில்லை.

"சொல்லும்மா" என்றார் மாமா. "அதான் கண்ணால பாத்தியே. பாத்ததச் சொல்லு."

எட்டாவது நிமிடம் போனது. ஒன்பதாவதும் போனது. டாக்டர் பெஞ்சின் மேல் ஏறி நின்று கடிகாரத்தைப் பார்த்தார். அவர் பக்கத்தில் யாரோ நீல மஃப்ளரை விரித்துப் பிடித்தார்கள். பத்து. டாக்டர் மஃப்ளரைப் பார்க்கவில்லை. கூடுதல் நேரம் அறிவிக்கும் நடுவரைப் போலக் கையைத் தலைக்கு மேல் தூக்கி, மூன்று விரல் காட்டினார்.

நான் மெகாஃபோனை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கைக் கட்டைவிரலைச் சுண்டுவிரலின் அடிக்கணுவில் வைத்தேன்.